முதிர்ந்த பூனையின் மிடறு

பன்னிரண்டு பதின்மூன்று வயதான வீட்டுப் பூனை ஒன்று, ஆகார வேளை வந்ததும் வழக்கம்போல எழுந்து வந்து, தட்டின் முன்னே அமர்ந்து, மீனை மோந்து பார்த்து, ஒரு துண்டை வாயில் எடுத்து, பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறி, எடுத்த துண்டைத் தரையிலே நழுவவிட்டு, சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பால் போய்ப் படுத்துக்கொள்ளுமானால், அதைக் கண்ட வீட்டார் சாமானியமாக இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். கிழடாகிவிட்டது, இனி அப்படித்தான் என்பது ஒன்று. செல்லம் கொடுத்துக் கெட்ட பூனை, வேறு ஏதோ எதிர்பார்க்கிறது என்பது மற்றொன்று. இரண்டு முடிவுகளிலும் இருப்பது ஒரே பிழைதான். பசியின்மையையும் விழுங்க இயலாமையையும் அவை ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. பசி அற்றுப்போன பிராணி தட்டின் பக்கம் வருவதே அரிது. வந்து, எடுத்து, எடுத்ததைக் கைவிடுகிற பிராணிக்குப் பசி இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது.

பத்து வயதைக் கடந்த பூனையை மிருக வைத்தியர்கள் முதிய பிராணி என்று கணக்கிடுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, தடுப்பூசியும் நல்ல ஆகாரமும் பெறுகிற பூனைகள் பதினைந்து வயதையும் அதற்கு மேலும் எட்டுவது இன்று அபூர்வமன்று. ஆகவே தெருவிலே சில வருஷங்களுக்குள் முடிந்துபோகும் வாழ்வில் தலைகாட்டாத வியாதிகள் இந்த நீண்ட ஆயுளில் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. முதுமை அவற்றுக்கு இடம் கொடுக்கிறது என்பது மெய்; ஆயினும் அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணமும், பலவற்றுக்குத் தக்க சிகிச்சையும் உண்டு. வாயிலா, தொண்டையிலா, குரல்வளையிலா, உணவுக்குழலிலா, கோளாறு எங்கே என்று கண்டுகொள்வதில், எக்ஸ்ரேயும் ரத்தப் பரீட்சையும் வருவதற்கு முன்பே, பூனை உண்ணும்போது பக்கத்தில் அமர்ந்து பார்க்கிற கண் பாதி வேலையை முடித்துவிடும் என்பதே இங்கு நான் சொல்ல வந்தது.

விழுங்குதல் எவ்வளவு நுட்பமான காரியம் என்பதை, அது தடைப்படும்வரையில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாலுகால் பிராணிகளின் தலையில் மூக்கு மேலேயும் வாய் கீழேயும் இருக்க, கழுத்திலோ மூச்சுக்குழல் கீழ்ப்புறத்திலும் உணவுக்குழல் மேற்புறத்திலும் அமைந்திருப்பதால், மேலிருந்து வரும் காற்றும் கீழிருந்து வரும் ஆகாரமும் ஒன்றையொன்று குறுக்கே கடந்தாக வேண்டியிருக்கிறது. அந்தக் கடவுதான் தொண்டை. ரயில் பாதையும் வண்டிப் பாதையும் குறுக்கிடும் இடத்துக் கேட்டைப்போல, ஒன்று திறக்கும்போது மற்றொன்று அடைபட்டே தீரவேண்டும். நாக்கு தன் அடிப்பாகத்தால் கவளத்தைப் பின்னுக்குத் தள்ள, மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் பின்வாசலை அடைக்க, நாவடி எலும்போடு குரல்வளை முழுதும் முன்னோக்கி இழுபட, குரல்வளை மூடி மடிந்து கவிய, உள்ளே குரல் நாண்கள் இரண்டும் இறுக ஒட்டிக்கொள்ள, சுவாசம் அந்தக் கணத்துக்கு நின்றுவிட, உணவுக்குழலின் மேல்வாயிலைச் சுற்றி இறுகியிருந்த தசைவளையம் நெகிழ்ந்து வழி விடுகிறது. தொண்டையில் நிகழும் இவ்வளவும் ஒரு விநாடிக்குள் நடந்து முடிகின்றன. மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் ஐந்து ஜோடிகள் இந்த ஒரு காரியத்தில் கலந்துகொள்கின்றன. அவற்றைக் கிரமம் தவறாமல் ஏவுகிற ஸ்தானம், மூளையும் முதுகுத்தண்டும் சந்திக்கும் முகுளத்தில் இருக்கிறது. கிரமம் ஒரு கணம் பிசகினால் நமக்குப் புரையேறுவதுபோலவே பூனைக்கும் புரையேறுகிறது. நமக்கு இருமலோடு போய்விடுகிற அந்தச் சங்கடம், தொண்டைத் தசைகள் தளர்ந்த கிழப்பூனைக்கு ஆகாரத்துணுக்கு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக முடிவதும் உண்டு.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் மஜாந்தி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழுங்குதலை வாய், தொண்டை, உணவுக்குழல் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். உயிருள்ள பிராணியின் உள்ளே அந்தக் கட்டங்கள் நிகழ்வதை நேரே காணும் பாக்கியம் அந்த நூற்றாண்டின் கடைசியிலேதான் வாய்த்தது. அதில் பூனைக்கு ஒரு விசேஷப் பங்கு உண்டு. 1895 நவம்பரில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த வருஷமே, அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் அப்போதுதான் மாணவராகச் சேர்ந்திருந்த வால்ட்டர் கேனன் என்னும் இளைஞரிடமும், ஆல்பர்ட் மோசர் என்னும் மற்றொரு மாணவரிடமும், பேராசிரியர் ஹென்றி பௌடிச், இந்தப் புதிய கதிர்களைக்கொண்டு பிராணிகள் விழுங்குவதைப் பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை சொன்னார். எக்ஸ் கதிர் ஊடுருவாத பிஸ்மத் உப்பை ஆகாரத்தில் கலந்து கொடுத்து, வாத்து, நாய், பூனை, குதிரை என்று வரிசையாக அவர்கள் பார்த்தார்கள். 1898-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, பூனையின் உணவுக்குழலில் கவளம் மேற்பாகத்தில் விரைந்தும், இருதயத்துக்குக் கீழே வந்ததும் வேகம் குறைந்தும் இறங்குகிறது. இதற்குக் காரணம் தசைகளின் அமைப்பிலே இருக்கிறது. நாயின் உணவுக்குழல் முழுதும் கைகால்களில் உள்ளதைப் போன்ற வரித்தசையால் ஆனது. பூனைக்கோ மேலே மூன்றில் இரண்டு பங்கு வரித்தசையும், கீழே எஞ்சிய ஒரு பங்கு, குடலில் உள்ளதைப் போன்ற மந்தமான மென்தசையும் ஆகும். நாய்க்குச் சொன்ன வைத்தியத்தைப் பூனைக்கும் அப்படியே சொல்லிவிடலாகாது என்பதற்கு இது ஒரு சிறு உதாரணம்.

கேனன் பூனையை அத்துடன் விட்டுவிடவில்லை. அதன் இரைப்பை அசைவுகளை மணிக்கணக்காகக் கவனித்துக்கொண்டிருந்தபோது, பூனை பயந்தாலோ சினந்தாலோ, ஒழுங்காக நடந்துவந்த அந்த அசைவுகள் உடனே நின்றுவிடுவதைக் கண்டார். அமைதி திரும்பியதும் அவை மறுபடியும் தொடங்கின. ஆபத்து நேரத்தில் சரீரம் தன்னைப் போருக்கோ ஓட்டத்துக்கோ தயார் செய்துகொள்கிறது என்று பிற்காலத்தில் அவர் விளக்கி உலகப் புகழ் பெற்ற கொள்கைக்கு வித்து இங்கேதான் விழுந்தது. கிழப்பூனை வளர்ப்பவருக்கு இதிலே ஒரு நேரான பிரயோஜனம் இருக்கிறது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்து, மேஜைமேல் வைக்கப்பட்ட பூனை அங்கே ஒரு கவளமும் தொடாது. எனவே அது எப்படி விழுங்குகிறது என்பதை மருத்துவர் தம் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வீட்டிலே அது உண்ணும்போது கைபேசியில் எடுத்த இரண்டு நிமிஷப் படம், பத்து நிமிஷ வர்ணனையைவிட அவருக்கு உதவும்.

அந்தப் படத்திலே அவர் முதலில் தேடுவது நாக்கின் வேலையை. பூனை தண்ணீர் குடிக்கும் விதம் தனி விதம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் வேறு சிலரும் கூடி, அதிவேகக் காமிராவில் படம் பிடித்து 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பூனை தன் நாக்கின் நுனியைப் பின்புறமாக மடித்து நீரின் மேற்பரப்பை வெறுமனே தொட்டு மேலே இழுக்கிறது. தொட்ட நாக்கோடு ஒரு நீர்த்தாரை எழும்பி வர, அது மீண்டும் கீழே விழுவதற்குள் வாயை மூடிப் பிடித்துக்கொள்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ நாலு முறை இது நடக்கிறது. இத்தனை லாகவமான நாக்கில் புண்ணோ வீக்கமோ நரம்புத் தளர்ச்சியோ உண்டானால், பூனை நெடுநேரம் கிண்ணத்தின்மேல் குனிந்திருந்தும் நீர்மட்டம் குறையாது. மோவாய் மட்டும் நனைந்திருக்கும். அதே நாக்கின்மேல் தொண்டையை நோக்கி வளைந்த முட்கள் உண்டு. எலும்பிலிருந்து சதையை வழிக்கவும் ரோமத்தைச் சீவவும் பயன்படும் அந்த முட்கள், வாயில் அகப்பட்ட நூலைத் துப்பவொட்டாமல் உள்ளுக்கே செலுத்துகின்றன. விளையாட்டாகக் கடித்த தையல் நூல் நாக்கின் அடியில் சுருக்கிட்டுக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் போய்விடுவது இளம் பூனைகளிடம் அதிகம். முதிய பூனைக்கும் விலக்கில்லை. நூலின் நுனி வெளியே தெரிந்தாலும் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் குடல் அறுபடும்.

வாயின் உள்ளே, முதுமையில் வரும் உபத்திரவங்களில் முதலாவது பல்லைப் பற்றியது. பூனையின் பற்களுக்கு ஒரு விசித்திரமான வியாதி உண்டு: சரீரத்தின் சொந்த அணுக்களே பல்லை ஈற்றோரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கரைத்துத் தின்றுவிடுகின்றன. மூல காரணம் இன்னும் துலங்கவில்லை. வயது ஏற ஏற இது மிகுதியாகக் காணப்படுகிறது என்பது நிச்சயம். கரைந்த இடத்தில் நரம்பு வெளிப்பட்டுவிடுவதால், அங்கே கவளம் பட்டதும் தாடை நடுங்குகிறது, சில பூனைகள் தட்டைப் பார்த்துச் சீறுவதுகூட உண்டு. மற்றொன்று, வாய் முழுவதும், விசேஷமாகத் தாடைகள் சேரும் பின்மூலையில், செக்கச்செவேலென்று வெந்து புண்ணாகும் அழற்சி. வைரஸ் கிருமிகளும், அவற்றைக் கண்டு மிதமிஞ்சிக் கொதித்தெழும் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியும் இதிலே சம்பந்தப்பட்டிருக்கின்றன. கடைவாய்ப் பற்களையெல்லாம் பிடுங்கிவிடுவதே இதற்குச் சிறந்த சிகிச்சை என்று சொன்னால் கேட்பவர்கள் திடுக்கிடுகிறார்கள். பல்லில்லாத பூனை எப்படி உண்ணும் என்பது அவர்கள் கேள்வி. பூனை ஒருபோதும் நம்மைப்போல அசைபோட்டு மெல்லுவதில்லை. அதன் தாடை பக்கவாட்டில் அசையாது, கத்தரித்து விழுங்குவதோடு சரி. நோயற்ற வெறும் ஈறுகளோடு அது மிருதுவான ஆகாரத்தைச் சுகமாகவே உண்கிறது; நோயுற்ற பற்களோடுதான் பட்டினி கிடக்கிறது.

இவ்விரண்டைக் காட்டிலும் கொடியது நாக்கின் அடியிலே ஒளிந்து வளர்வது. பூனையின் வாயில் தோன்றும் கட்டிகளில் மிகச் சாதாரணமானது செதிள் அணுப் புற்றுநோய். அது விரும்பித் தங்கும் இடங்களில் ஒன்று நாவின் அடித்தளம். வாயைத் திறந்து மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு நாக்கு அதை மறைத்துக்கொண்டிருக்கும். அனுபவமுள்ள மருத்துவர் ஒரு கையால் வாயைத் திறக்கும்போதே, மறு கையின் கட்டைவிரலால் இரு தாடை எலும்புகளுக்கும் இடையே கீழிருந்து மேலே அழுத்துவார். நாக்கு தானாக உயர்ந்து அடிப்பாகம் தெரியும். இந்த ஒரு சிறு கைவழக்கம் எத்தனையோ பூனைகளின் நோயை மாதக்கணக்கில் முன்னதாகக் காட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அது முக்கியம், ஏனென்றால் தாமதமாகக் கண்டறியப்பட்ட இந்தப் புற்றுநோய்க்கு இன்றைய வைத்தியம் அதிகம் செய்வதற்கில்லை. பெரும்பாலான பூனைகள் சில மாதங்களே தாங்குகின்றன, ஒரு வருஷம் தாண்டுவது பத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரே பக்கமாக எச்சில் வடிவதும், எச்சிலில் ரத்தம் கலந்திருப்பதும், முன்னெல்லாம் பளபளவென்றிருந்த மேனி ரோமம் சீவப்படாமல் சடைபிடிப்பதும் இதன் லட்சணங்கள். நாக்கு வலிக்கிற பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதை முதலில் நிறுத்திவிடுகிறது. அதன் பின்பே ஆகாரத்தைக் குறைக்கிறது.

குரல்வளைக்கு வருவோம். பூனையின் குரல் மாறுவதைக் கவனிப்பவர் சிலரே. பல வருஷங்களாகக் கணீரென்று கூவி எழுப்பிய பூனை கரகரத்துப் பேசத் தொடங்கினாலும், வாயைத் திறந்தும் சத்தம் வராமல் போனாலும், குர்ரென்று எழும் அதன் குறுகுறுப்பு நின்றுபோனாலும், கட்டியோ வாதமோ அங்கே இடம் பிடித்திருக்கலாம். குறுகுறுப்பைப் பற்றிச் சமீபத்திலே ஒரு சுவையான வாதம் எழுந்திருக்கிறது. மூளை விநாடிக்கு இருபது முப்பது தடவை குரல்வளைத் தசைகளைச் சுருக்கி விரிப்பதால்தான் அந்தத் தாழ்ந்த ஒலி பிறக்கிறது என்று அரை நூற்றாண்டாகப் புத்தகங்கள் சொல்லிவந்தன. 2023-இல் வியன்னாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்டும் அவரைச் சார்ந்தவர்களும், தீராத நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட எட்டுப் பூனைகளின் குரல்வளைகளைத் தனியே எடுத்து, வெதுவெதுப்பான ஈரக்காற்றை அவற்றின் வழியே செலுத்தியபோது, மூளையின் ஏவல் ஏதுமின்றியே 25 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை அந்த ஒலி எழுந்தது. குரல் நாண்களுக்குள் பதிந்திருக்கும் நார்த்திசு மெத்தைகள் அவற்றைக் கனக்கச் செய்து, இத்தனை சிறிய பிராணியிடமிருந்து இத்தனை தாழ்ந்த சுருதியை வருவிக்கின்றன என்பது அவர்கள் அனுமானம். உயிருள்ள பூனையில் தசைகளுக்கும் பங்கு உண்டா என்பதில் விவாதம் ஓயவில்லை. வளர்ப்பவர் நினைவில் வைக்கவேண்டியது வேறொன்று: வலியால் துடிக்கும் பூனையும் குறுகுறுப்பதுண்டு, ஆகையால் அந்த ஒலியை ஆரோக்கியத்தின் அத்தாட்சியாகக் கொள்ளலாகாது.

குரல்வளை வாதம் நாய்களிடம் மிகுதி, பூனைகளிடம் குறைவு. ஆயினும் வரும்போது முதிய பூனைகளுக்கே அநேகமாக வருகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது குரல்வளையின் இரு சிறகுகளையும் விரித்துப் பிடிக்கும் தசைக்கு ஆணை கொண்டுவருகிற நரம்பு, ஒரு விநோதமான சுற்றுவழியில் வருகிறது: தொண்டையின் பக்கத்திலேயே இறங்கி அதைத் தாண்டி மார்புக்குள் போய், இடப்பக்கத்து நரம்பு மகா தமனியின் அடியிலே வளைந்து, பின் கழுத்து வழியாக மேலேறித் தொண்டையை அடைகிறது. ஆதலால் மார்பிலே வளர்ந்த கட்டியோ, கழுத்திலே நடந்த சஸ்திர சிகிச்சையோ குரலைக் கெடுத்துவிட முடியும். சிறகுகள் விரியாத குரல்வளை, மூச்சு இழுக்குந்தோறும் கீச்சென்று சத்தமிடும். வெயில் நாளில் பூனை வாயைத் திறந்துகொண்டு திணறும். நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு. அமைதியாக இருக்கும் பூனை அவ்வாறு இரைக்குமானால் மறுநாள்வரை காத்திருக்கக்கூடாது. ஒரு பக்கத்துச் சிறகை நிரந்தரமாக விலக்கித் தைத்துவிடும் சஸ்திர சிகிச்சை இருக்கிறது. மூச்சு அதனால் சுலபமாகும். எப்போதும் திறந்தே இருக்கும் வாயில் வழியே ஆகாரம் புரையேறும் அபாயமும் கூடவே வரும்.

இனி உணவுக்குழல். வாந்தி வேறு, எதுக்களிப்பு வேறு என்பதை வீட்டார் பிரித்துச் சொல்ல முடியுமானால் மருத்துவரின் வேலை பெரிதும் குறைந்துவிடும். வாந்தி எடுக்கும் பூனை முதலில் உமிழ்நீரை விழுங்கி விழுங்கி நிம்மதியின்றி நடக்கும். பிறகு வயிறு குலுங்கக் குலுங்க ஓங்கரித்துத் தள்ளும். எதுக்களிக்கும் பூனைக்கு அந்த ஆயத்தங்கள் ஒன்றும் இல்லை. தலையைத் தாழ்த்திய மாத்திரத்தில், உண்ட ஆகாரம் செரியாமல், பல சமயம் குழலின் வடிவத்திலேயே நீளமாக வெளியே வந்து விழும். முன்னது இரைப்பைக்கும் அதற்கு அப்பாலும் உள்ள கோளாறு. பின்னது இரைப்பையை எட்டாத ஆகாரம். தண்ணீரும் கஞ்சியும் தங்கி, திடமான உணவு மட்டும் திரும்பி வருமானால், உணவுக்குழலில் எங்கோ தழும்பு விழுந்து பாதை சுருங்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

அந்தத் தழும்பு பல சமயம் நாமே உண்டாக்கியது என்பது வருத்தத்துக்குரியது. பூனைக்கு மாத்திரை கொடுப்பதில் நம் வேலையெல்லாம், வாயைத் திறந்து, நாக்கின் பின்னே மாத்திரையை எறிந்து, வாயை மூடிப் பிடித்து, அது ஒரு தடவை விழுங்கியதும் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்காவில் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தார் 30 பூனைகளுக்கு மாத்திரைகளும் கேப்ஸ்யூல்களும் கொடுத்து, எக்ஸ்ரேத் திரையில் அவற்றின் போக்கைப் பார்த்து 2001-இல் வெளியிட்ட முடிவு இதைப் பொய்யாக்குகிறது. தண்ணீரின்றிக் கொடுத்த மாத்திரைகளில் ஐந்து நிமிஷம் கழித்தும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவையே இரைப்பையை அடைந்திருந்தன. கேப்ஸ்யூல்களிலோ ஆறில் ஒரு பங்குதான். மற்றவை கழுத்திலே நின்றுகொண்டிருந்தன. அதே மாத்திரையின்பின் 6 மில்லி தண்ணீரை வாயில் விட்டபோது, ஏறக்குறைய எல்லாமே அரை நிமிஷத்துக்குள் இறங்கிவிட்டன. டாக்ஸிசைக்ளின், கிளிண்டாமைசின் ஆகிய இரண்டு மருந்துகளும் இவ்விதம் தங்கிவிட்டால் சுற்றியுள்ள சவ்வை வெந்து புண்ணாக்குகின்றன; புண் ஆறும்போது சுருங்கிய வளையமாகிறது. பல் நோய்க்காகவே கிளிண்டாமைசின் கொடுக்கப்படுவது சகஜம். ஆக, பல் வலியால் உண்ண மறுத்த பூனை, அதற்கான மருந்தை உட்கொண்டு, வேறொரு காரணத்தால் உண்ண முடியாமல் போகும் விபரீதம் மெய்யாகவே நேர்கிறது. மாத்திரை கொடுத்த கையோடு ஊசி நீக்கிய சிரிஞ்சினால் கடைவாய் ஓரத்தில் சிறிது சிறிதாகத் தண்ணீர் விடுவதும், முடியாவிட்டால் ஒரு வாய் மிருதுவான ஆகாரம் கொடுப்பதும் போதும். சுருங்கிவிட்ட பாதையை, மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப்பின் துணையோடு உள்ளே ஒரு பலூனைச் செலுத்தி ஊதி விரிக்கிறார்கள். ஒரு முறையில் தீர்வது அரிது, பல முறை செய்யவேண்டிவரும்.

தொண்டைக் கோளாறுபோல வேஷம் போட்டு வருகிற வியாதிகளும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்த கிழப்பூனைக்கு ரத்தத்தில் கழிவுகள் தேங்கி, குமட்டலும் வாய்ப்புண்ணும் உண்டாகின்றன. அது தட்டை நோக்கி ஆவலோடு வந்து, மணம் பட்டதும் உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிவிடும். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்யும் பூனை இதற்கு நேர் விரோதம்: வேளைக்கு வேளை கேட்டு வாங்கி உண்டும் நாளுக்கு நாள் இளைக்கும், ராத்திரியில் விசித்திரமான குரலில் கத்தும். பூனைக்கு இப்படி ஒரு வியாதி உண்டு என்பதே 1979-இல் நியூயார்க்கில் உள்ள பிராணி மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த அறிக்கைக்குப் பிறகுதான் வைத்திய உலகுக்குத் தெரியவந்தது. இன்றோ பல மேல்நாடுகளில் முதிய பூனைகளுக்கு வரும் சுரப்பி நோய்களில் இதுவே தலையாயது. குரல்வளைக்குக் கீழே இருபுறமும் விரல்களை மெல்ல ஓட்டினால், வீங்கிய சுரப்பி மணிபோல விரலுக்கடியில் வழுகுவதை மருத்துவர் உணர்வார்.

நம் தேசத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே போகலாகாது. எச்சில் வழிய, தாடை தொங்க, குரல் மாறி, விழுங்க முடியாமல் தவிக்கும் பூனைக்கு ரேபிஸ் நோயும் இருக்கக்கூடும். தடுப்பூசி போடப்படாததும், தெருவில் திரிவதும், சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன் கடிபட்டு வந்ததுமான பூனையின் வாய்க்குள், எலும்பு சிக்கியிருக்கிறதா பார்ப்போம் என்று விரலை விடுவது உயிரோடு விளையாடுவதாகும். எச்சில் பட்ட காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தொண்டை வலிதானே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கொடுக்கிற தயாளர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகச் சொற்பம், மனிதனுக்குச் சாதாரணமான ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

விழுங்க முடியாத பூனைக்குக் காலம் மிகக் குறைவு. சில நாட்கள் ஆகாரமின்றி இருந்தால், விசேஷமாகக் கொழுத்த பூனையானால், சரீரத்தின் கொழுப்பெல்லாம் கரைந்து ஈரலில் வந்து அடைந்து, அந்த அவயவமே செயலற்றுப்போகிறது. மாமிசபட்சணியாகவே படைக்கப்பட்ட அதன் தேக அமைப்பு மாமிசத்திலுள்ள சில சத்துக்களுக்கு ஒரு நாளும் விடுமுறை தருவதில்லை. அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் நீக்கிய ஆகாரத்தை ஒரே ஒரு வேளை உண்ட பூனைகள் சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியா ஏறி நோயுற்றன என்று கலிபோர்னியாவில் மோரிஸ், ரோஜர்ஸ் என்னும் இரு அறிஞர்கள் 1978-இல் காட்டினார்கள். ஆகவே கடித்து உண்ண முடியாத பூனைக்கு இரக்கப்பட்டுப் பால் கஞ்சியை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பது பட்டினியின் இன்னொரு வடிவம். வேகவைத்த மீனையோ கோழியையோ அரைத்து, அதன் சாற்றிலேயே கரைத்து, வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். அதிலே வெங்காயமும் பூண்டும் சேரக்கூடாது, அவை பூனையின் ரத்த அணுக்களை அழிப்பவை. திமிறும் பூனையைப் பிடித்துச் சிரிஞ்சினால் பலவந்தமாகப் புகட்டுவதை இப்போது நிபுணர்கள் விரும்புவதில்லை. புரையேறும் என்பது ஒரு காரணம்; அந்தப் பயமும் ஆகாரத்தின் மணமும் ஒன்றோடொன்று பிணைந்துபோய், நோய் தீர்ந்த பிறகும் பூனை அந்த உணவை வெறுக்கிறது என்பது மற்றொரு காரணம்.

வாயும் தொண்டையும் தேறும்வரை அவற்றைத் தாண்டி ஆகாரம் செலுத்த ஒரு வழி உண்டு. சிறிது நேரம் மயக்க மருந்தில் கிடத்தி, கழுத்தின் இடப்புறத்தில் ஒரு சிறு துளையிட்டு, மிருதுவான குழாய் ஒன்றை உணவுக்குழலுக்குள் செலுத்தி, அதன் நுனி இரைப்பைக்குச் சற்று மேலே நிற்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துத் தைத்துவிடுகிறார்கள். கழுத்திலே குழாய் என்றதும் வீட்டார் அஞ்சுகிறார்கள். பூனையோ கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரத்தில் வெயில் காய்கிறது. பல நாள் பட்டினி கிடந்த சரீரத்துக்கு ஒரேயடியாக முழு ஆகாரம் விஷமாகும் என்பதால், முதல் நாள் தேவையில் ஒரு பகுதியும், பின்னர் இரண்டு மூன்று நாட்களில் முழு அளவும், நன்றாக அரைத்து வடிகட்டி மெதுவாகச் செலுத்தவேண்டும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் சிறிது வெதுவெதுப்பான நீர் விட்டால் குழாய் அடைபடாது. மருந்தும் இதன் வழியே போய்விடுவதால் மாத்திரைப் போராட்டமும் ஓய்கிறது. உணவுக்குழலே சுருங்கியிருக்கும் பூனைக்கும் ஓயாமல் வாந்தி எடுக்கும் பூனைக்கும் இது பொருந்தாது. முன்னதற்கு வயிற்றின் வழியே நேராக இரைப்பையில் குழாய் வைக்கவேண்டும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழுத்துக் குழாயை வைத்திருக்கலாம். குழாய் இருக்கும்போதே பூனை வாயாலும் உண்ணலாம் என்பதால், ஒவ்வொரு வேளையும் முதலில் தட்டை அதன் முன்னே வைத்துப் பார்ப்பது வழக்கம். அது தானாகவே சில நாட்கள் தொடர்ந்து உண்டு, எடையும் குறையாமல் நின்றால், மருத்துவர் தையலை வெட்டிக் குழாயை உருவிவிடுகிறார். துளைக்குத் தையல் போடுவதில்லை, ஒன்றிரண்டு வாரங்களில் அது தானே மூடிக்கொள்கிறது.